அரிசிக் கணக்கில் 641 எங்கிருந்து வந்தது?

அம்பை அரிசிக்கடை

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் அரிசிக்கடை வைத்திருக்கிறேன். ப்ளஸ் டூ முடித்த வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, அப்படியே கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கணக்கின் மேல் உள்ள ஆசை விடவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடைக்கு ஆள் வராது. அந்த நேரத்தில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏதாவது போட்டுக்கொண்டிருப்பேன்.

சின்ன வயதில் எங்கள் ஆச்சி வளவுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதை சொல்வாள். சதுரங்கம் கண்டுபிடித்தவன் ராஜாவிடம் போய், முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு நாலு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக் கொடு என்று கேட்ட கதை. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆச்சி முடிக்கும்போது, "திருநெல்வேலிச் சீமை நெல்லு பூராவும் அளந்தாலும் காணாது" என்பாள். அது எவ்வளவு என்று நான் கேட்டால், "நீ பெரியவனாகிப் போட்டுப் பாரு" என்பாள்.

போன மாதம் மகள் பள்ளிக்கூடப் போட்டிக்காகச் சதுரங்கப் பலகை வாங்கினாள். அதைப் பார்த்ததும் ஆச்சி நினைவு வந்துவிட்டது. போன் கால்குலேட்டரில் போட்டேன். 18446744073709552000 என்று காட்டியது. கடைசியில் மூன்று சைபர். வெறும் இரண்டையே திரும்பத் திரும்பப் பெருக்கினால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்றுதான் சுற்றும், சைபர் எப்படி வரும்? அதனால் கையாலேயே இரட்டித்தேன். 64 வரி, மூன்று மத்தியானம். ஒன்று கழித்து, மொத்தம் 18446744073709551615. நம் கணக்கில் சொன்னால் 1,84,467 கோடி கோடி.

கடையில் உள்ள அம்பை 16 அரிசியை ஆயிரம் எண்ணி, பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 18 கிராம் வந்தது. அதை வைத்துப் பார்த்தால் முதல் வரிசை எட்டுக் கட்டத்துக்கு 255 அரிசி, ஐந்து கிராம்கூட இல்லை. 16 கட்டத்துக்கு ஒரு கிலோவும் சொச்சமும். பாதிப் பலகைக்கு 77 டன், அதாவது 25 கிலோ சிப்பம் 3,092. அதுவரை ராஜா பயப்பட ஒன்றுமில்லை, எங்கள் தெருக் கடைகள் சேர்ந்தாலே கொடுத்துவிடலாம். முழுப் பலகைக்கு 33,204 கோடி டன். உலகம் முழுக்க ஒரு வருஷம் விளையும் அரிசி 50 கோடி டன்னும் கொஞ்சமும்தான். அறுநூறு வருஷத்து விளைச்சல் வேண்டும். ஆச்சி சொன்னது சரி.

இனிதான் என் கேள்வி. இந்த எண்ணை எதெல்லாம் வகுக்கும் என்று பார்க்க ஆரம்பித்தேன். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3 வகுக்கும். கடைசி இலக்கம் 5, ஆகவே 5 வகுக்கும். 7, 11, 13 எதுவும் வகுக்கவில்லை. 17 வகுத்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை, 257 வகுத்தது. வகுத்த எண்களை வரிசையாக எழுதியபோதுதான் கண்ணில் பட்டது. 3-உடன் 2 கூட்டினால் 5. மூன்றையும் ஐந்தையும் பெருக்கி 2 கூட்டினால் 17. மூன்றையும் பெருக்கி 2 கூட்டினால் 257. அப்படியானால் அடுத்தது 65537 ஆக இருக்க வேண்டும். மிச்சமிருந்த 281479271743489-ஐ 65537-ஆல் வகுத்தேன். மீதி இல்லை. ஈவு 4294967297. இதுவரை வந்த ஐந்தையும் பெருக்கி 2 கூட்டிப் பார்த்தேன். அதே 4294967297!

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஆறு எண், ஆறும் ஒரே ஒழுங்கில். ஐந்து பகா எண்களைப் போல ஆறாவதும் பகா எண்தான் என்று முடிவு கட்டி மகளிடம் காட்டினேன். அவள் பள்ளிக்கூடக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "இல்லப்பா, அது 641 பெருக்கல் 6700417" என்றாள். பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

641 எந்த ஒழுங்கிலும் வராத எண்ணாகத் தெரிகிறது. ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவது முறை ஏன் உடைந்தது? 641-க்கு ஏதாவது காரணம் உண்டா, அல்லது அது தற்செயலா? தெரிந்தவர்கள் எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும்.

வண்ணார்பேட்டை

அண்ணாச்சி, பெரிய கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி போதாது, அந்த மூன்று சைபருக்கு மட்டும் சொல்கிறேன். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன், இந்த எண்ணைத் தினமும் பார்க்கிறவள். கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில் எழுதும், அந்த ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிட். நிறைய கால்குலேட்டர்கள் ஓர் எண்ணின் முன்பகுதி 53 பிட்டை மட்டும்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 9007199254740992 வரைக்கும் முழு எண் ஒன்றுகூடத் தவறாது. அதற்கு மேல் போனால் வால் இலக்கங்களைத் தோராயமாக்கிவிடும். நீங்கள் சைபரை நம்பாமல் கையால் போட்டது ரொம்பச் சரி.

நான் தினமும் பார்ப்பதற்குக் காரணம், 64 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண் இதுதான். 64 கட்டத்திலும் விளக்கு எரிந்தால் என்ன எண்ணோ அது. பாதிப் பலகை எண் 4294967295 பழைய 32 பிட் கணினிகளின் எல்லை. உங்கள் ஆச்சியின் பலகைதான் எங்கள் கணினிக்குள்ளும் இருக்கிறது.

பாளை ஓய்வாசிரியர்

தம்பி, நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். "பெருக்கி இரண்டு கூட்டு" என்பதை யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்த மாணவனை நான் பார்த்ததில்லை. நிதானமாகச் சொல்கிறேன், பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆறு எண்கள் ஏன் வந்தன என்று பார்ப்போம். பலகையை நடுவில் மடியுங்கள். கீழே 32 கட்டம், மேலே 32 கட்டம். முதல் கட்டத்துக்கு இணை 33-ஆவது, இரண்டாவதுக்கு இணை 34-ஆவது. மேலே உள்ள ஒவ்வொன்றும் கீழே உள்ள இணையைப் போல 2³² மடங்கு. ஆகவே மொத்த அரிசி = கீழ்ப்பாதி × (2³² + 1). இந்த 2³² + 1 தான் உங்கள் 4294967297. இனி கீழ்ப்பாதியை மட்டும் எடுத்து மறுபடி மடியுங்கள், 2¹⁶ + 1 வரும், அது 65537. மறுபடி மடித்தால் 257. அடுத்து 17, 5, 3. ஆறு மடிப்பு, ஆறு எண். அவ்வளவுதான்.

இரண்டு கூட்டுவதும் இதிலேயே இருக்கிறது. கீழ்ப்பாதியின் மொத்தம் 2³² − 1. அதுதான் முதல் ஐந்து எண்களின் பெருக்கல். அதோடு 2 கூட்டினால் 2³² + 1. இதனால் இன்னொரு நல்ல விஷயமும் கிடைக்கிறது. இந்த எண்களில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது. இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும், எல்லாமே ஒற்றைப்படை எண்கள். பாடப்புத்தகத்தில் சார்பகா எண்கள் என்பார்கள்.

இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். பிரான்ஸ் தேசத்து ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதங்களில், இவை எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாக எழுதினார். நீங்கள் பார்த்த அதே ஐந்தைப் பார்த்து, நீங்கள் நம்பிய அதையேதான் நம்பினார். 1732-இல் ஆய்லர் 641-ஐக் காட்டினார். இடையில் 92 வருஷம்.

இனி 641. அதற்கு முன் 7 ஏன் வகுக்கவில்லை என்று பார்க்க வேண்டும், வழி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்து அரிசியையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 1, 2, 4, 1, 2, 4 என்று மூன்று கட்டத்துக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றின் கூட்டல் 7. ஆகவே 63 கட்டம் வரை மீதியில்லாமல் போய்விடும். 64-ஆவது கட்டம் தனியாக நின்று மீதி ஒன்றைக் கொடுக்கும். 11-க்குச் சுற்று 10 கட்டம், 13-க்கு 12 கட்டம். அவையும் 64-இல் சரியாக முடியாது. 64-இல் முடிய வேண்டுமென்றால் சுற்றின் நீளம் 2, 4, 8, 16, 32, 64 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். போட்டுப் பாருங்கள்: 3-க்கு 2, 5-க்கு 4, 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32. மீதமிருக்கும் காரணிகளுக்குச் சுற்று 64 தான். அதாவது முழுப் பலகையையும் நிரப்பினால்தான் 641 வரும். 63 கட்டம் வரை எந்தக் கட்டத்தில் நிறுத்திக் கூட்டினாலும் அந்த மொத்தத்தை 641 வகுக்காது.

ஃபெர்மாவே சொன்ன ஒரு விதி உண்டு. அதன்படி 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும், அதிலிருந்து 1 கழித்தால் வருவதை இந்தச் சுற்றின் நீளம் மீதியின்றி வகுக்கும். 7-க்குச் சுற்று 3, அது 6-ஐ வகுக்கிறது அல்லவா? சுற்று 64 என்றால், நாம் தேடும் எண்ணிலிருந்து 1 கழித்தால் 64-இன் மடங்காக இருக்க வேண்டும். ஆகவே தேட வேண்டியவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும். இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். 257 முன்பே வந்துவிட்டது, பொதுக் காரணி கூடாது, ஆகவே தள்ளுபடி. மற்ற மூன்றும் வகுக்கவில்லை. அடுத்தது 641. நாலாவது வகுத்தலிலேயே கிடைத்துவிட்டது. 1878-இல் லூக்கா என்பவர் 64-க்குப் பதில் 128-இன் மடங்கே போதும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 257-க்கு அடுத்த பகா எண்ணே 641. ஃபெர்மாவின் கையில் இருந்த விதியே ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைத்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

641 உண்மையில் வகுக்கிறது என்பதை, நீளமான வகுத்தல் இல்லாமலே பார்க்கலாம். இப்போதைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மட்டு எண்கணிதம் என்று ஒரு பகுதி இருக்கிறது, உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். 641-ஆல் வகுத்த மீதியை மட்டும் கவனியுங்கள். 640 என்பது 5 × 2⁷. அது 641-க்கு ஒன்று குறைவு, ஆகவே மீதி −1. அதை நாலு முறை பெருக்கினால் 5⁴ × 2²⁸, மீதி +1. ஆனால் 5⁴ என்பது 625, அது 641-க்கு 16 குறைவு, ஆகவே மீதி −16, அதாவது −2⁴. இரண்டையும் சேருங்கள்: −2⁴ × 2²⁸ = −2³², அதன் மீதி 1. அப்படியானால் 2³²-இன் மீதி −1. ஒன்று கூட்டினால் சைபர். முடிந்தது.

641-ஐ இரண்டு விதமாகப் பிரிக்கலாம். 5 × 2⁷ + 1 என்றும் எழுதலாம், 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். இந்த இரண்டும் ஒரே எண்ணில் சந்தித்ததால்தான் ஆறாவது மடிப்பு உடைந்தது. நீங்கள் கேட்ட காரணம் இதுதான்.

அம்பை அரிசிக்கடை

சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மடிப்புக் கணக்கைப் பலகையை வைத்தே மகளுக்குச் செய்து காட்டினேன். பிளாஸ்டிக் பலகை, நடுவில் மடிகிற பலகை. முதல் மடிப்புக்குத்தான் அது உதவியது, மீதிக்குக் காகிதத்தில் கட்டம் போட்டுக்கொண்டோம்.

63 கட்டம் வரை 641 வராது என்பதைச் சோதித்துப் பார்க்க, ஒவ்வொரு கட்டத்து மொத்தத்தின் மீதியையும் எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் முந்தைய மீதியை இரட்டித்து ஒன்று கூட்டினால் போதும், 641-க்கு மேல் போனால் கழித்துவிடலாம். 1, 3, 7, 15, 31, 63, 127, 255, 511, 382, 124 என்று போகிறது. 32-ஆவது கட்டத்தில் மீதி 639. அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் 641-க்கு இரண்டு குறைவு, நீங்கள் சொன்ன அந்த இரண்டு. அப்புறம் மறுபடி ஆரம்பித்து 64 வரை போனேன். கடைசிக் கட்டத்தில் சைபர்.

மகள் ஒரு கேள்வி கேட்கிறாள். 6700417 மேலும் உடையாது என்று எப்படித் தெரியும்? கணினி சொல்கிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

பாளை ஓய்வாசிரியர்

அந்தப் பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். கணினி இல்லாமலே காட்டிவிடலாம்.

6700417 உடைவதாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக்காரணி இருக்க வேண்டும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அந்தக் காரணி 4294967297-க்கும் காரணிதானே, ஆகவே 128-இன் மடங்கோடு ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. 257 தள்ளுபடி. மீதி நாலே நாலு வகுத்தல். செய்யச் சொல்லுங்கள், நான் விடை சொல்லமாட்டேன்.

வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பாதிப் பலகை எண் 4294967295 இருக்கிறதே, அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஒன்றையும் சேர்த்து மொத்தம் 32. ஒன்றை விட்டால் 31. அந்த 31 எண்களில் எதை எடுத்தாலும், அத்தனை பக்கம் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை வெறும் அளவுகோலும் கவராயமும் வைத்து வரைய முடியும். 1796-இல் காஸ், 19 வயது நிரம்பாத பையன், 17 பக்கத்துக்கு இது முடியும் என்று கண்டுபிடித்தார். முழுப் பலகைக்குப் போனால் 641 குறுக்கே வந்துவிடும். 641 பக்கப் பலகோணத்தை அப்படி வரைய முடியாது. 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு ஃபெர்மா பகா எண்கூடக் கிடைக்கவில்லை. அதனால் ஒற்றைப்படைப் பக்கம் கொண்டவற்றில் நமக்குத் தெரிந்த வரையில் அந்த 31 தான்.

இலஞ்சிக்காரன்

அண்ணாச்சி, சார் இருவருக்கும் வணக்கம். எண்களைப் பற்றி நம் சீமையில் பேச்சு வரும்போது ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் இலஞ்சிக்குப் பக்கம், குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் அருகில் உள்ள வல்லம் ஊரில் 1901 ஏப்ரல் 5-இல் பிறந்த சு. சிவசங்கரநாராயண பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் இருந்தவர். எந்த முழு எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவினார். 73-க்குக் குறைந்தால் போதாது. 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது பெரிதாகிவிடும். ஆகவே 64-ஐப் பத்து முறையும் ஒன்றை 63 முறையும் போட வேண்டும். மொத்தம் 73.

சார் சொன்ன சார்பகா விஷயத்தைப் படித்ததும் எனக்கு அவருடைய இன்னொரு வேலைதான் நினைவுக்கு வந்தது. ஃபெர்மா எண்களில் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. பிள்ளை அதற்கு நேர் எதிரானதைத் தேடினார். அடுத்தடுத்து வரும் எண்களை 16 வரை எத்தனை எடுத்தாலும், மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது அதில் இருந்தே தீரும். 17 எண்களை எடுத்தால் அப்படி இல்லாமலும் போகலாம். 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தக் கூட்டத்திலேயே ஒரு சொந்தக்காரன் இருப்பான். இரட்டைப்படைகள் தங்களுக்குள் சொந்தம். 2189-க்கு 2200 சொந்தம், இரண்டையும் 11 வகுக்கும். 2191-க்கு 2184, ஏழு வகுக்கும். 2197 என்பது பதின்மூன்றின் கனம், அதற்கும் 2184 தான், 13 வகுக்கும். 2185-க்கும் 2195-க்கும் ஐந்து. மற்ற ஒற்றைப்படைகளுக்கு மூன்று. இது கடை மத்தியானத்துக்கு ஏற்ற கணக்கு, அண்ணாச்சி.

1950 ஆகஸ்ட் 31-இல், அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கும் பிரின்ஸ்டனுக்கும் போகும் வழியில், கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். 49 வயது. வல்லம் வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வண்ணார்பேட்டை

இலஞ்சிக்கார அண்ணனுக்கு நன்றி. நெல்லையில் படித்து வளர்ந்தும் பிள்ளையைப் பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

உடைப்பது பற்றி ஒரு வார்த்தை. அண்ணாச்சியின் எண்ணுக்கு 20 இலக்கம். அது லேசாக உடைந்ததற்குக் காரணம் அதன் மடிப்புகள். எந்த மடிப்பும் இல்லாமல், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்த எண் என்றால் கதையே வேறு. கணினித் தகவலை ரகசியமாக அனுப்ப 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ என்ற பூட்டுமுறை அதை நம்பித்தான் இருக்கிறது. பெருக்குவது எளிது, திரும்பப் பிரிப்பது கடினம். ஆர்எஸ்ஏ-2048 என்று 617 இலக்கத்தில் ஓர் எண்ணைச் சவாலாக வெளியிட்டார்கள். அதை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. அது பகு எண் என்று எல்லாருக்கும் தெரியும், காரணிகள்தான் தெரியாது.

பாளை ஓய்வாசிரியர்

ஃபெர்மா எண்களிலேயே அப்படி உண்டு. 2³²-இல் உள்ள 32-ஐ இரட்டித்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த ஃபெர்மா எண்கள் வரும். மூன்றைச் சைபராவது என்று வைத்து எண்ணினால், இருபதாவது எண் பகு எண் என்று 1987-இல் நிறுவிவிட்டார்கள். ஒரு காரணிகூட இன்னும் தெரியாது. சுற்றை வைத்துப் பார்த்தே, பகா எண்ணாக இருந்தால் வர வேண்டிய மீதி வரவில்லை என்று சொல்லிவிட முடிகிறது. உடைக்காமலே உடையும் என்று தெரிந்துகொள்வது இதுதான்.

அம்பை அரிசிக்கடை

நாலு வகுத்தலும் மகளே செய்தாள். 6700417-ஐ 641 வகுத்தால் மீதி 44. 769-க்கு 120. 1153-க்கு 334. 1409-க்கு 622. ஒன்றும் சைபர் இல்லை. "இப்பதான் ஒத்துக்கிறேன்" என்றாள்.

அப்புறம் அவள் கண்டுபிடித்த ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஆச்சி எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணியிருக்கிறாள். ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே 128 வகுத்திகள். இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 64 ஜோடி. 64 கட்டத்துக்கு 64 ஜோடி! ஃபெர்மா நினைத்தபடி ஆறாவது உடையாமல் இருந்திருந்தால் 32 ஜோடிதான் வந்திருக்கும். 641 வந்ததால்தான் பலகை முழுதும் நிறைந்தது. சார், இதற்கும் காரணம் உண்டா?

பாளை ஓய்வாசிரியர்

தம்பி, பாதிக்குக் காரணம் உண்டு, பாதிக்கு இல்லை. எட்டுக் கட்டத்துக்கு 255 = 3 × 5 × 17, நாலு ஜோடி. 16 கட்டத்துக்கு எட்டு ஜோடி. 32 கட்டத்துக்கு 16 ஜோடி. கட்டத்தில் பாதி ஜோடி என்பது வரைக்கும் ஒழுங்கு, அது மடிப்பிலிருந்தே வருகிறது. 64-இல் ஓர் எண் கூடுதலாக உடைந்ததால் ஒரு தடவை அதிகமாக இரட்டித்தது. அது சரியாக 64-இல் நடந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை, அப்படி அமைந்துவிட்டது. மகளிடம் அப்படியே சொல்லுங்கள், காரணம் இல்லாததற்குக் காரணம் கற்பிக்க வேண்டாம். ஆனால் நான் இத்தனை வருஷத்தில் அதைக் கவனித்ததில்லை.

ஆச்சி எண்ணோடு இரண்டு கூட்டுங்கள். 18446744073709551617. உங்கள் வழக்கப்படி அடுத்த ஃபெர்மா எண் அது, 2⁶⁴ + 1. அதையும் உடைத்துவிட்டார்கள். 1855-இல் கிளாசன் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார், 1880-இல் லாண்ட்ரி என்ற பெரியவர் எண்பது வயதுக்கு மேல் தாமாகக் கண்டுபிடித்தார். சின்னக் காரணி 274177. லூக்கா சொன்னபடி இந்தத் தடவை 256-இன் மடங்கோடு ஒன்று கூடியிருக்க வேண்டும், சரிபாருங்கள்.

அம்பை அரிசிக்கடை

சரிபார்த்தேன் சார். 256 × 1071 = 274176. ஒன்று கூட்டினால் சரியாக வருகிறது. வகுத்தலையும் ஆரம்பித்தேன், பில் புத்தகத்தில் ஒரு பக்கம் போதவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஈவு 67280421310721, மீதி சைபர். எண்பது வயதுப் பெரியவர் இது தெரியாமல் எத்தனை எண்களை வகுத்துப் பார்த்திருப்பார் என்று நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

128 கட்டப் பலகை என்றால் இப்போது ஒன்பது பகா எண்கள், 256 ஜோடி. மகளிடம் சொன்னேன், "அப்போ கட்டத்தைப் போல ரெண்டு மடங்கு" என்றாள். இன்றைக்குப் பிள்ளையின் பதினேழு எண்களையும் எழுதி வைத்திருக்கிறோம், 2193-க்கு யார் சொந்தம் என்று அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். பிசான நெல் ஏற்றிய லாரி வாசலில் வந்து நிற்கிறது. மூட்டை இறக்கிவிட்டு ராத்திரி வருகிறேன்.